நாய்க்குட்டி கேட்கும் பிள்ளையும் நேரமில்லாத வீடும்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதும் நத்தார் காலத்திலும் எனது மருத்துவ நிலையத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். தடிமனுக்கோ தடுப்பூசிக்கோ பிள்ளையைக் கூட்டிவந்த தாயோ தகப்பனோ, வந்த அலுவல் முடிந்து கதவடிக்குப் போன பின்னர் திரும்பி நின்று, "டொக்டர், இவள் ஒரு வருசமாய் நாய்க்குட்டி கேட்டு அரியண்டம் குடுக்கிறாள். வாங்கிக் குடுக்கலாமோ? வருத்தம் ஏதும் வருமோ?" என்று கேட்பார்கள். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். டொக்டர் ஓம் என்றால் ஓம் என்று வீட்டில் ஏற்கனவே பேசித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. ஆகவே இந்த மருத்துவப் பக்கத்தில் சற்று ஆறுதலாக எழுத விரும்புகிறேன்.

எனது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். வருத்தங்களைப் பற்றி எம்மவர் தேவைக்கு அதிகமாக யோசிக்கிறார்கள். நேரத்தைப் பற்றித் தேவைக்குக் குறைவாக யோசிக்கிறார்கள். நாயால் பரவும் நோய்களில் பெரும்பாலானவற்றைப் பூச்சி மருந்தாலும் தடுப்பூசியாலும் சவர்க்காரத்தாலும் தடுத்துவிடலாம். காலை ஏழு மணிக்கு எல்லோரும் வெளியேறி மாலை ஆறு மணிக்குத் திரும்பும் வீட்டில் தனியே கிடக்கும் எட்டுக் கிழமைக் குட்டிக்கு நான் எந்த மருந்தையும் எழுதிக் கொடுக்க இயலாது. பிள்ளை ஆயத்தமா என்று கேட்பதில் பயனில்லை, எட்டு வயதுப் பிள்ளை எப்போதும் ஆயத்தம்தான். வீட்டிலுள்ள பெரியவர்களில் யாராவது ஒருவர் ஆயத்தமா என்று கேளுங்கள்.

இதைச் சொன்னதும் வரும் பதில், "நாங்கள் ஊரில நாய் வளர்த்தனாங்கள்தானே" என்பது. உண்மைதான், நானும் வளர்த்தேன். ஊரில் நாய் வளவுக்குள் இருந்தது. படலையடியில் படுத்தது. மிஞ்சிய சோற்றையும் மீன்தலையையும் தின்றது. தானாக ஒழுங்கைக்குப் போய்த் தானாகத் திரும்பி வந்தது. அதை யாரும் கயிற்றில் பிடித்து நடத்தவில்லை, அதன் கழிவைப் பையில் அள்ளவுமில்லை. வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் இருந்தது. வருத்தம் வந்தால் நாய் செத்தது, நாங்கள் அழுதோம், கொஞ்ச நாளில் அயல் வீட்டிலிருந்து இன்னொரு குட்டி வந்தது. மெரிலேண்ட்ஸில் நான்காம் மாடி யூனிட்டில் குட்டி வளர்ப்பதற்கு அந்த அனுபவம் பெரிதாக உதவாது. இந்த மாநிலத்தில் 1998ஆம் ஆண்டின் துணை விலங்குகள் சட்டப்படி குட்டிக்கு 12 கிழமைக்குள், அதற்கு முன் கைமாறினால் கைமாறும் முன்னரே, மைக்ரோசிப் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பொது இடத்தில் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், கழிவை எடுக்க வேண்டும், பிள்ளைகள் விளையாடும் ஊஞ்சல் சறுக்குமரம் போன்றவற்றுக்கு 10 மீற்றருக்குள் கொண்டுபோகக் கூடாது. தவறினால் தண்டப்பணம்.

நேரக் கணக்கைப் பாருங்கள். மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. எனவே முதல் சில மாதங்கள் இரவிலும் ஒருவர் எழும்ப வேண்டும். கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு இது விளங்கும். கைக்குழந்தைக்கு மகப்பேற்று விடுமுறை தருவார்கள், குட்டிக்குத் தரமாட்டார்கள். பிறகு நாளாந்த நடை. எங்கள் பிள்ளைகளின் கிழமையை எடுத்துக்கொண்டால் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு மிருதங்கமோ பரதமோ, இடைநாட்களில் செலக்டிவ் பரீட்சைக்கு டியூசன். எந்த இடைவெளியில் அந்தப் பிள்ளை நாயை நடத்தப் போகிறது? "நான்தான் பார்ப்பேன்" என்று பிள்ளை சொல்வது பொய்யல்ல. சொல்லும் நேரத்தில் மனமார நம்பித்தான் சொல்கிறது. ஆனால் நாய் பத்து முதல் பதினைந்து வருடங்கள் வாழக்கூடியது. இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எச்.எஸ்.சி. எழுதும் வருடத்தில் அந்த நாய்க்கு ஒன்பது வயது. பிள்ளை பல்கலைக்கழகம் போன பின்னர், மூட்டுவாதத்துடன் இருக்கும் வயதான நாயைத் தூக்கிக் காரில் ஏற்றப்போவது நீங்கள்.

உண்மையில் பல வீடுகளில் நீங்கள்கூட அல்ல, அம்மம்மா. நான் கவலைப்படும் விடயம் இது. பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான் என்பதால் கேட்காமலே பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. குட்டிக்குச் சேலைத் தலைப்பும் செருப்பும் விளையாட்டுச் சாமான்கள். எழுபது வயதில் கால் தடக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் பழைய நடை திரும்புவது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களுக்குக் குட்டியின் நகக் கீறல்கூட நீண்ட நேரம் வடியும். நீரிழிவால் பாதம் விறைத்தவர்களுக்குக் கூரிய பாற்பல் கீறியதே தெரியாது. புண் நாறத் தொடங்கிய பின்னர்தான் என்னிடம் வருவார்கள். பேரப்பிள்ளையின் ஆசைக்கு அம்மம்மா "இல்லை" என்று சொல்லமாட்டார். ஆகவே அவரிடம் பிள்ளைக்கு முன்னால் கேட்காமல் தனியே கேளுங்கள்.

தனியே கேட்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. எம்மில் ஒரு பகுதியினருக்கு இரவில் நாய் குரைப்பது வெறும் சத்தமல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வடக்குக் கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நடுச்சாமத்தில் ஊர் நாய்கள் ஒன்றாகக் குரைத்தால் விளக்கை நூர்த்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தோம். சுற்றிவளைப்பு என்பதை முதலில் அறிவித்தது அவைதான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டவர்களில் பலர் அவிழ்த்துவிட்டு வந்த நாயைப் பற்றி இன்றும் கதைப்பார்கள். ஆட்களைப் பற்றிக் கதைக்க இயலாதவர்கள் நாயைப் பற்றிக் கதைப்பதையும் பார்த்திருக்கிறேன். இப்படியான ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோ, வருடக்கணக்காகப் பாடுபட்டுச் சரிப்படுத்திய நித்திரை, யூனிட்டுக்குள் ஒரு குட்டி இரவு இரண்டு மணிக்குக் குரைக்கத் தொடங்கியதும் குழம்பிப் போகக்கூடும். வேறு சிலருக்கு நேர்மாறு. பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு உயிர் அவர்களுக்கு எந்த மாத்திரையிலும் கூடிய நன்மை செய்கிறது. யாருக்கு எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைக்குக் காரணம் சொல்லாமல் தகப்பன் பிடிவாதமாக மறுக்கும் வீடுகளில், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதைத் தாய்மார் நினைவில் வைத்திருப்பது நல்லது. நித்திரை குழம்புகிறவர்களுக்காக 1988ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் ஸ்டார்ட்ஸ் என்ற நிலையம் இருக்கிறது. நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பயன்படுத்தலாம்.

இனி வருத்தங்களுக்கு வருவோம்.

கடி பற்றி எல்லோரும் பயப்படுவது தெருவில் வரும் முரட்டு நாய்க்கு. 2011 ஓகஸ்டில் மெல்பேர்ண் சென் ஓல்பன்ஸில் ஒரு அகதிக் குடும்பத்தின் நாலு வயதுப் பிள்ளையை அயல் வீட்டு நாய் கடித்துக் கொன்றபோது நாடே கலங்கியது, அந்த இன நாய்கள் மீதான சட்டங்களும் இறுக்கப்பட்டன. அவ்வகைச் சட்டங்கள் தேவைதான். ஆயினும் சிறுபிள்ளைகளுக்கு விழும் கடிகளில் பெரும்பாலானவை வீட்டு நாயின், அல்லது மாமா வீட்டு, சிநேகிதர் வீட்டு நாயின் கடி. "இது ஒண்டும் செய்யாது" என்று எல்லோரும் சொன்ன நாய். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேரே இருப்பதால் கடி கன்னத்திலும் உதட்டிலும் கண்ணருகிலும் விழுகிறது. சாப்பிடும்போது கிட்டப் போவது, நித்திரையில் கட்டிப்பிடிப்பது, வாயிலிருப்பதைப் பறிப்பது ஆகிய மூன்றும் வழமையான சந்தர்ப்பங்கள். நாய் முன்கூட்டியே சொல்லத்தான் செய்யும். முகத்தைத் திருப்பும், நித்திரையில்லாமல் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், உடம்பை விறைப்பாக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையையும் நாயையும் ஒரே அறையில் தனியே விடக்கூடாது. குசினிக்குப் போய்த் தேநீர் ஊற்றி வரும் நேரத்துக்கும் இது பொருந்தும்.

கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் நன்றாகக் கழுவுங்கள், இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்துங்கள், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். முகத்திலோ கையிலோ மூட்டிலோ ஆழமான கடி என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு. எம் பகுதியில் வெஸ்ட்மீட் சிறுவர் மருத்துவமனை சில நிமிடத் தூரத்தில் இருக்கிறது. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவற்றைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை இன்னொரு முறை அழும். கையில் விழும் சிறு துளை போன்ற கடிதான் பெரும்பாலும் சீழ் பிடிக்கும், ஆகவே அன்ரிபயோட்டிக் தருவோம். ஏற்பு ஊசி பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நாலு வயதுக்குள் போட்டு முடிந்திருக்கும். விசிட்டர் விசாவில் வந்து நிற்கும் தாத்தா பாட்டிக்குத்தான் கடைசியாக எப்போது போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் சிறு கடியையும் அவசரமாகக் காட்ட வேண்டும். நாயின் வாயிலுள்ள ஒருவகைக் கிருமி இவர்களுக்கு ஒரிரு நாளில் உயிராபத்தை உண்டாக்கக்கூடியது.

பூச்சி விடயம் எளிது. குட்டிகள் தாயின் வயிற்றிலேயே வட்டப்புழுவைப் பெற்றுவிடுகின்றன. அதனால் இரண்டு கிழமை வயதிலிருந்து பன்னிரண்டு கிழமை வரை இரு கிழமைக்கொரு முறையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதமொரு முறையும் மருந்து கொடுக்க வேண்டும். முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மண்ணளையும் பிள்ளை கையை வாயில் வைத்தால் உள்ளே போகும், அரிதாகக் கண்ணையும் பாதிக்கும். கழிவை உடனே அள்ளுவதும் சாப்பிட முன் கை கழுவுவதும் இதற்குப் போதும். பச்சை ஈரலும் குடலும் கொடுக்காதீர்கள், ஆட்டின் உறுப்புகளைப் பச்சையாகத் தின்னும் நாய்களால் பரவும் நீர்க்கட்டி நோய் இந்த நாட்டின் கிராமப் பகுதிகளில் இன்றும் உண்டு. கர்ப்பிணிப் பெண்கள் பயந்து கேட்கும் ரொக்சோபிளாஸ்மா பூனையின் கழிவால் வருவது, நாயின் மேல் அந்தப் பழி வேண்டாம்.

தொய்வு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்கவும். 2015இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்று, பிறந்த முதல் வருடத்தில் வீட்டில் நாய் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வயதில் தொய்வு ஏற்படுவது சுமார் 13 வீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. இலட்சக்கணக்கான பிள்ளைகளின் பதிவுகளை வைத்துச் செய்த நல்ல ஆய்வு. ஆனால் அது இனிமேல் தொய்வு வருவதைப் பற்றியது. ஏற்கனவே தொய்வு வந்து, நாயின் ஒவ்வாமையும் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு நாய் கொண்டுவந்தால் வென்டோலின் பாவனை கூடும், அவ்வளவுதான். "ஊடில் இனம் வாங்கினால் ஒவ்வாமை வராதாம்" என்று பலர் சொல்கிறார்கள். இந்தக் கதை தொடங்கியதே இந்த நாட்டில்தான். எண்பதுகளின் இறுதியில், ஹவாயிலிருந்த பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு, நாய் ஒவ்வாமையுள்ள அவரது கணவருக்கும் ஒத்துப்போகும் வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அதற்காக மெல்பேர்ணில் வொலி கொன்ரன் என்பவர் லாப்ரடோரையும் பூடிலையும் கலந்தார். அந்தக் கலப்பு உலகெங்கும் வியாபாரமானதைப் பார்த்துப் பின்னர் அவரே வருந்தினார். 2011இல் அமெரிக்காவிலும் 2012இல் நெதர்லாந்திலும் அளந்து பார்த்தபோது, ஒவ்வாமை தராதவை எனப்படும் இனங்கள் இருந்த வீடுகளில் ஒவ்வாமைப் பொருள் மற்ற வீடுகளைவிடக் குறைவாக இருக்கவில்லை. மயிர் கொட்டாமல் இருக்கலாம். பொருள் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது. சந்தேகமிருந்தால் முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, நாய் உள்ள வீடொன்றில் பிள்ளையைச் சில தடவை நேரம் செலவிடவிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். மூன்று மாதம் பழகிய குட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது பிள்ளைக்கு நாய் வாங்காமல் விடுவதைவிடப் பல மடங்கு கொடுமை.

எங்கள் குசினி பற்றியும் ஒரு வார்த்தை. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். முந்திரிகையும், பாயாசத்தில் போடும் பிளம்ஸும் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். சொக்கலேற் நஞ்சு. அவித்த கோழி எலும்பும் ஆட்டெலும்பும் சில்லாக உடைந்து குடலில் குத்தும். ஊரில் கறிச்சோறு தின்ற நாய் ஒன்றும் ஆகாமல் இருந்ததே என்பீர்கள். அது எப்படிச் செத்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை. இங்கே மிருக வைத்தியர் பார்ப்பார், பில் ஆயிரக்கணக்கில் வரும்; நாய்க்கு மெடிகெயர் இல்லை.

யூனிட்டில் இருப்பவர்கள் "இங்கே நாய் விடமாட்டினம்" என்று பிள்ளைக்குச் சொல்லித் தப்பிய காலம் முடிந்துவிட்டது. டார்லிங்ஹேஸ்டிலுள்ள ஹொரைசன் கட்டிடத்தில் ஆங்கஸ் என்ற சிறிய ஷ்னோசர் நாய்க்காக நடந்த வழக்கில், எல்லா நாய்களையும் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யும் கட்டிட விதி செல்லாது என்று 2020 ஒக்டோபரில் இம்மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் சட்டமும் மாறியது. 2025 மே 19ஆம் திகதியிலிருந்து வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். வீட்டுச் சொந்தக்காரர் 21 நாளுக்குள் பதில் தராவிட்டால் சம்மதமாகவே கொள்ளப்படும், மறுப்பதற்குச் சட்டத்தில் சொன்ன காரணம் வேண்டும். ஆக, இனி "இல்லை" என்பதற்கான காரணத்தை நீங்களே பிள்ளையிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் நல்லதுதான்.

எப்போது நான் ஓம் என்பேன்? பிள்ளைக்கு ஆறேழு வயதாவது ஆகியிருந்து, பெரியவர் ஒருவர் "இது என்னுடைய நாய், பிள்ளை உதவி செய்யட்டும்" என்று சொல்லத் தயாராக இருந்தால். முதல் சில மாதங்களுக்குப் பகலில் யாராவது வீட்டில் நிற்க முடிந்தால். ஒரு சோதனையும் உண்டு. இன்னும் வாங்காத நாய்க்காக, ஒரு மாதம் தினமும் காலை ஆறு மணிக்கு எழும்பி, மழையோ குளிரோ, பிள்ளையும் நீங்களும் அரை மணித்தியாலம் நடவுங்கள். நாய் வராவிட்டாலும் உங்கள் கொலஸ்ட்ரோல் குறையும். ஒரு மாதம் முழுமையாக நடந்த குடும்பங்கள் மிகச் சில. அவர்களுக்கு நான் தயங்காமல் ஓம் சொல்லியிருக்கிறேன்.

குட்டிதான் வேண்டும் என்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். காப்பகங்களில் மூன்று நாலு வயது நாய்கள் பல இருக்கின்றன. குணம் தெரிந்தவை, பல வீட்டுக்குள் கழிக்காமல் பழகியவை. ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்ற அமைப்புகளில் சில கிழமைகளுக்குத் தற்காலிகமாக வைத்துப் பராமரிக்கவும் இடமுண்டு. இணைய விளம்பரம் பார்த்துக் குட்டி வாங்குவதானால், 2019 ஜூலையிலிருந்து ஒவ்வொரு விளம்பரத்திலும் மைக்ரோசிப் இலக்கமோ வளர்ப்பவரின் இலக்கமோ இருக்க வேண்டும். இலக்கம் இல்லாதவருக்கும், நேரில் காட்டாமல் முற்பணம் கேட்பவருக்கும் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு. அவுஸ்திரேலிய நாய்களிடம் விசர்நாய்க்கடி நோய் இல்லை. (இங்குள்ள வௌவால்களிடம் அதை ஒத்த கிருமி 1996இல் கண்டறியப்பட்டது, பரமட்டா பார்க்கில் தொங்குபவை கீழே விழுந்து கிடந்தால் பிள்ளை தொடக்கூடாது.) வீட்டில் நாயுடன் வளரும் பிள்ளைக்கு நாய்ப் பயம் இருக்காது. அதே பிள்ளை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இறங்கியதும் கோயில் வாசலில் படுத்திருக்கும் நாயைத் தடவ ஓடும். உலகில் இந்நோயால் இறப்பவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இலங்கையிலும் இன்னும் உயிர்கள் போகின்றன. அறிகுறி தொடங்கிய பின் காப்பாற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம். அங்கே கடியோ கீறலோ பட்டால், புண்ணில் எச்சில் பட்டால்கூட, சவர்க்காரத்தாலும் தண்ணீராலும் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடத் தொடங்குங்கள். சிட்னிக்குத் திரும்பி வந்து காட்டலாம் என்று வைத்திருக்க வேண்டாம். முன்கூட்டியே போடும் தடுப்பூசி மூன்று தடவையாக மூன்று நாலு கிழமைகளில் போடப்படுகிறது, செலவு உங்களுடையது. ஆகவே விமானச்சீட்டு எடுத்த கையோடு உங்கள் குடும்ப வைத்தியரிடம் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.